பாடகர் வரமாட்டார், நாம்தான் போக வேண்டும்

நம் ஊரில் 'ரெசிடென்சி' என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜ். அமெரிக்காவில் பிள்ளை டாக்டருக்குப் படிக்கிற வீட்டில் அதற்கு வேறு அர்த்தம். இசை உலகத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஒரு பாடகரோ குழுவோ ஊர் ஊராகப் போகாமல், ஒரே ஊரில் ஒரே அரங்கில் வாரக்கணக்காகவோ வருடக்கணக்காகவோ கச்சேரி செய்தால் அது ரெசிடென்சி. வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்றாவது அர்த்தம் லாட்ஜுக்குத்தான் மிக நெருக்கம். அந்த அரங்கு பெரும்பாலும் ஒரு ஓட்டலுக்குள்தான் இருக்கும். அரங்கு கட்டப்பட்டதே ஓட்டலுக்காகத்தான்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடியிருப்பதால் வருடத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைச் சொல்கிறார்கள்: "லாஸ் வேகஸ்ல சனிக்கிழமை ஷோவுக்கு டிக்கெட் போட்டாச்சு, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." அந்த 'மத்ததெல்லாம்' பல சமயம் டிக்கெட்டை விடப் பெரிய தொகை. கூடவே, டிக்கெட் ரத்தானால் திரும்பி வராத தொகையும் அதுதான். ஏன் அப்படி என்று புரிய, இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அயர்லாந்தின் ராக் இசைக்குழுவான யூ2, 2009 முதல் 2011 வரை '360 டிகிரி' என்று ஒரு உலகச் சுற்றுப்பயணம் போனது. மேடைக்கு மேலே நான்கு கால் ஊன்றிய ராட்சத இரும்புக் கூண்டு. அதைப் பிரித்து அடுத்த ஊரில் மாட்டுவதற்குள் நாட்கள் ஓடிவிடும் என்பதால் அதே மாதிரி மூன்று செய்து வைத்திருந்தார்கள். ஒன்றின் கீழ் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்று அடுத்த ஊரில் ஏறிக்கொண்டிருக்கும். சாமான்களை இழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள். எழுபது லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்று 73 கோடி டாலருக்கு மேல் வசூலானது. அந்தக் கூண்டும் லாரியும் ஓட்டுநர் சம்பளமும் அந்த வசூலிலிருந்துதான் போக வேண்டும்.

அதே குழு 2023 செப்டம்பர் 29 அன்று லாஸ் வேகஸில் ஸ்ஃபியர் என்ற உருண்டை அரங்கைத் திறந்து வைத்துப் பாடியது. 2024 மார்ச் 2 வரை அங்கேயே 40 இரவுகள். ஒரு லாரி நகரவில்லை. அதனால் பயணம் இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை, பயணம் செய்கிற ஆள் மாறிவிட்டார். முன்பு இசைக்குழு நம் ஊர் மைதானத்துக்கு வந்தது. இப்போது ஒரு இரவுக்குப் பதினேழாயிரம் பேர் ஆளுக்கொரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். சுற்றுப்பயணச் செலவு கரைந்துவிடவில்லை. துண்டு துண்டாகப் பிரிந்து விமான டிக்கெட்டாகவும் ஓட்டல் வாடகையாகவும் ரசிகர் தலைக்கு வந்துவிட்டது. ரெசிடென்சிக்காக ஒரு வாரக்கடைசியைத் திட்டமிடுகிறவர் செய்வது ஒரு சின்னச் சுற்றுப்பயண மேனேஜரின் வேலை. அந்தக் கண்ணோடு பார்த்தால் பல விஷயங்கள் தாமாகப் பிடிபடும்.

இது நேற்று வந்த ஏற்பாடும் அல்ல. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 1931இல் சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஊருக்கு ஆளை வரவழைக்க ஏதாவது வேண்டும். சாப்பாட்டை மலிவாகப் போடு, அறையை மலிவாகக் கொடு, பெரிய பாடகரை மேடையில் நிறுத்து. கச்சேரியில் நஷ்டம் வந்தாலும் வெளியே வருகிறவர் சூதாட்ட மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. லிபராச்சி என்ற பியானோ கலைஞர் 1944இல் இங்கே வாசிக்க ஆரம்பித்தவர். 1955இல் ரிவியேரா ஓட்டல் திறந்தபோது அவருக்கு வாரச் சம்பளம் 50,000 டாலர். அந்தக் காலத்துக்கு அது கண்ணைக் கட்டும் தொகை. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1951இல் வந்தார். இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போகக்கூடாது. நாட் கிங் கோல் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் இதே ஓட்டல் மேடைகளில் கைத்தட்டல் வாங்கிவிட்டு, அதே ஓட்டலில் தங்க அனுமதி இல்லாமல் ஊரின் மேற்குப் பக்கம் போய்ப் படுத்தார்கள். 1960 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் திறந்தன.

எல்விஸ் பிரெஸ்லி 1956இல் வேகஸுக்கு வந்து எடுபடாமல் திரும்பியவர். 1969 ஜூலை 31 அன்று இன்டர்நேஷனல் ஓட்டலில் மறுபடி மேடையேறினார். நான்கு வாரத்தில் 57 காட்சிகள். 1976 டிசம்பர் வரை அந்த ஓட்டலில் 600க்கும் மேல் பாடினார். ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு வேகஸ் மேடைக்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. மார்க்கெட் போன பாடகர்கள் ஓய்வெடுக்கப் போகிற இடம் என்று.

அந்தப் பெயரைத் துடைத்தவர் கனடாப் பாடகி செலின் டியோன். 2003 மார்ச்சில், சீசர்ஸ் பேலஸ் ஓட்டலில் அவருக்காகவே சுமார் 9.5 கோடி டாலரில் கட்டிய கொலோசியம் அரங்கில் அவர் பாட ஆரம்பித்தபோது வயது 34. சின்னக் குழந்தை இருந்தது, ஒரே இடத்தில் இருந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். நாலாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். எந்த இருக்கையும் மேடையிலிருந்து 120 அடிக்கு மேல் தள்ளி இல்லை. இவ்வளவு இருக்கையை வருடம் முழுக்க யார் நிரப்புவது என்று பலர் சிரித்தார்கள். 2007 டிசம்பர் வரை 700க்கும் மேல் காட்சிகள் நடந்தன. அதன்பின் வரிசை கட்டினார்கள். பிரிட்னி ஸ்பியர்ஸ் 2013 கடைசியில் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 32 தான். ஓய்வுக்கு வந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

இந்த இடைவெளியில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுதான் நம் பர்ஸைத் தொடுவது. 1990களின் கடைசியிலிருந்து வேகஸின் பெரிய ஓட்டல்களுக்குச் சூதாட்டத்தில் வருவதை விட அறை, சாப்பாடு, காட்சி இவற்றில் வருவது அதிகமாகிவிட்டது. அதாவது கச்சேரி இப்போது தூண்டில் புழு அல்ல, மீனே அதுதான். வேகஸில் எல்லாம் மலிவு என்று பழைய நினைப்பில் போகிறவர்கள் வாங்கும் அடி இங்கேதான். வண்டி நிறுத்த இலவசமாக இருந்த இடங்கள் 2016 முதல் காசு கேட்க ஆரம்பித்துவிட்டன. அறை வாடகைக்கு மேல் 'ரிசார்ட் கட்டணம்' என்று ஓர் இரவுக்கு 40 டாலருக்கு மேல் ஏறும். நீச்சல் குளத்தை எட்டிக்கூடப் பார்க்காவிட்டாலும் அது உண்டு. 2025 மே முதல் அமெரிக்காவில் ஒரு மத்திய விதி வந்திருக்கிறது. தங்குமிடம், நேரடி நிகழ்ச்சி டிக்கெட் இரண்டுக்கும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும். கட்டணம் ஒழியவில்லை, ஒளிந்திருந்தது வெளியே வந்தது, அவ்வளவுதான். இதிலும் வரி தனி. வண்டி நிறுத்தும் காசும் தனி.

சரி, எந்த நாளுக்குப் போவது?

பெரும்பாலான ரெசிடென்சிகள் வெள்ளி, சனியில் நடக்கின்றன. பிரிட்டிஷ் பாடகி அடேல் தன் காட்சிக்கு 'அடேலுடன் வாரக்கடைசி' என்றே பெயர் வைத்தார். ரசிகருக்கு விடுமுறை என்பதால் என்று தோன்றும். பாதிக் காரணம் அதுதான். மீதிக் காரணம் ஊரின் கால அட்டவணை. வேகஸில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஓட்டல் அறைகள் இருக்கின்றன. வார நாட்களில் அவற்றை நிரப்புவது மாநாடுகளும் வணிகக் கண்காட்சிகளும். வெள்ளிக்கிழமை மாநாட்டுக்காரர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். காலியாகும் அறைகளை நிரப்ப வாரக்கடைசிக் கூட்டம் வேண்டும்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. வேகஸில் அறை வாடகையை ஏற்றுவது நீங்கள் பார்க்கப்போகும் பாடகர் அல்ல. பதினேழாயிரம் பேர் அரங்கு நிறைந்தாலும் ஒன்றரை லட்சம் அறைக்கு முன்னால் அது ஓரமாகத்தான் நிற்கும். ஏற்றுவது ஜனவரியில் நடக்கும் மின்னணுக் கண்காட்சி, 2023 முதல் நவம்பரில் நடக்கும் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம், புத்தாண்டு, பெரிய குத்துச்சண்டை. ஆகவே கச்சேரித் தேதியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த வாரம் ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாடகர் நாற்பது இரவு இருக்கிறார். நாற்பதும் ஒரே செலவல்ல. சுற்றுப்பயணத்தில் நம் ஊருக்கு ஒரே தேதிதான், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரெசிடென்சி ரசிகருக்குக் கொடுக்கும் ஒரே பேர ஆயுதம் இந்தத் தேர்வு. முதல் இரவையும் கடைசி இரவையும் பெரிய ரசிகர்களுக்கு விட்டுவிட்டு, நடுவில் யாருக்கும் விசேஷமில்லாத ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடிப்பது என் வழக்கம். ஞாயிறு காட்சி இருந்தால் இன்னும் நல்லது, திங்கள் விடுப்பு கிடைக்குமானால்.

எத்தனை இரவு பார்ப்பது என்பதும் திட்டத்தில் சேர்ந்தது. இது கலைஞரின் குணத்தைப் பொறுத்தது. யூ2 போன்றவர்களுக்குப் பின்னால் ஓடும் காட்சிகள் பாட்டோடு அளந்து தைக்கப்பட்டவை. இன்றைக்குப் பாடியதில் முக்கால்வாசிக்கு மேல் நாளையும் அதே. ஒரு இரவு போதும். டெட் அண்ட் கம்பெனி குழு 2024 கோடையில் ஸ்ஃபியரில் வியாழன், வெள்ளி, சனி என்று 30 இரவுகள் வாசித்தது. அவர்கள் பாட்டு வரிசையை இரவுக்கு இரவு மாற்றுகிறவர்கள், அதனால் ரசிகர்கள் மூன்று இரவுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்தார்கள். ஃபிஷ் குழு அதே வருடம் ஏப்ரலில் நான்கு இரவு வாசித்தது. ஒரு பாட்டைக்கூடத் திருப்பவில்லை. நமக்கு இது புதிதல்ல. மார்கழியில் சென்னை வந்து, ஒரே வித்வானை மூன்று சபாவில் கேட்கிற வெளிநாட்டு மாமாக்களிடம் ஏன் என்று கேட்டால் "மயிலாப்பூர்ல தோடி, தி. நகர்ல பைரவி" என்பார்கள். அது நியாயம். தோடியே மூன்று நாளும் என்றால் அவரும் யோசிப்பார்.

இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஸ்ஃபியர் சாதாரண அரங்கு அல்ல. 230 கோடி டாலர் செலவு, 366 அடி உயரம், 516 அடி அகலம். உள்ளே பார்வையாளரைச் சுற்றி வளைந்து தலைக்கு மேலே வரை போகும் திரை ஒன்றரை லட்சம் சதுர அடிக்கு மேல். ஒலி சுவருக்குள்ளிருந்து வருகிறது. பெட்டி பெட்டியாகத் தொங்கும் ஸ்பீக்கர்களைப் பார்க்க முடியாது. இங்கே காட்டுவதை வேறு ஊருக்கு எடுத்துப் போக முடியாது, அந்த அளவில் அந்த வளைவில் திரை வேறெங்கும் இல்லை. ரசிகரை ஊர்விட்டு ஊர் வரவைக்கும் உண்மையான கொக்கி இதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் நம் பழைய விதி தலைகீழாகும். மேடைக்கு அருகில் இருப்பது நல்லது என்று கீழ்த்தட்டின் பின்வரிசைகளை வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். அங்கே மேல்தட்டு தலைக்கு மேல் நீண்டு வந்து திரையின் மேல்பாதியை மறைத்துவிடும். சினிமாவுக்குப் போய் பால்கனிக்கு அடியில் உட்கார்ந்து திரையைக் குனிந்து பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் கணிப்பில் இரண்டாவது, மூன்றாவது தட்டின் நடுப்பகுதிதான் காசுக்குத் தகுந்தது. பாடகர் விரல் அளவு தெரிவார், அதை ஒப்புக்கொண்டுதான் போக வேண்டும். உச்சித் தட்டு மலிவு, ஆனால் படிகள் செங்குத்து. உயரத்தைப் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள், அதுவும் திரை முழுக்க நகரும்போது, கண்ணை மூடிக்கொண்டு உட்கார நேரிடும். கொலோசியம் மாதிரி நாலாயிரம் இருக்கை அரங்கில் இந்தக் கவலையெல்லாம் இல்லை. கடைசி வரிசையிலிருந்தும் முகம் தெரியும். ஆனால் சின்ன அரங்கு என்றால் டிக்கெட் குதிரைக்கொம்பு. அடேல் அந்தக் கொலோசியத்தில்தான் 2022 நவம்பர் முதல் 2024 நவம்பர் வரை 100 வாரக்கடைசிக் காட்சிகள் பாடினார். எல்லாம் சேர்த்துச் சுமார் நாலு லட்சம் பேர். அதே 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் மியூனிக்கில், அவருக்காகவே தற்காலிகமாக எழுப்பிப் பிறகு பிரித்துவிட்ட திறந்தவெளி அரங்கில் பத்தே இரவு பாடினார். ஏழு லட்சத்துக்கு மேல் கூட்டம். அதுவும் ரெசிடென்சிதான். முகம் பார்க்கப் போகிறோமா கூட்டத்தில் கலக்கப் போகிறோமா என்பதை முடிவு செய்துவிட்டால் ஊரும் தானாக முடிவாகிவிடும்.

அடேல் பேரை எடுத்ததால் அந்த ஜனவரியைச் சொல்லியாக வேண்டும். அவருடைய வேகஸ் ரெசிடென்சி முதலில் 2022 ஜனவரி 21 வெள்ளிக்கிழமை தொடங்குவதாக இருந்தது. முந்தைய நாள் அவர் அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டார்: காட்சி தயாராகவில்லை, குழுவில் பாதிப் பேருக்குக் கோவிட், எல்லாத் தேதிகளும் தள்ளிப்போகின்றன என்று. அதற்குள் நிறையப் பேர் வேகஸில் இறங்கிவிட்டார்கள். பாதி வழியில் விமானத்தில் இருந்தவர்களும் உண்டு. டிக்கெட் செல்லும் என்றார்கள், புதுத் தேதிக்கு. விமானக் காசும் ஓட்டல் காசும் புதுத் தேதிக்குச் செல்லாது. நான் ஆரம்பத்தில் சொன்ன 'மத்ததெல்லாம்' இதுதான். கலைஞர் வராவிட்டால் டிக்கெட் விற்றவருக்குப் பொறுப்பு உண்டு. ரசிகரின் பயணத்துக்கு யாருக்கும் பொறுப்பு இல்லை.

காட்சிகள் ரத்தாக உடம்பும் ஒரு காரணம். ரெசிடென்சிக்கு வருகிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள், லாரியோடு அலைய வேண்டாம் என்றுதான் இங்கே வருகிறார்கள். செலின் டியோன் 2021 நவம்பரில் மறுபடி வேகஸில் தொடங்குவதாக இருந்ததை உடல்நிலையால் விட்டார். தன் நோய் இன்னதென்று 2022 டிசம்பரில் அவரே சொன்னார். யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நம் பணத்தை அடுக்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையைப் போட்டு வைத்துவிட வேண்டும். வேகஸில் பல ஓட்டல்களில் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு வரை ரத்து செய்யலாம். அப்புறம் டிக்கெட். விமானம் கடைசி, அதுவும் மாற்றினால் அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கிற வகை. ஐம்பது டாலர் மிச்சம் என்று ரத்து செய்ய முடியாத அறையைப் போடுவது, என்னைக் கேட்டால், அந்த ஊரில் ஆடும் சூதாட்டங்களிலேயே மோசமானது.

கச்சேரி நாளன்றே விமானத்தில் வந்து இறங்குவதையும் நான் தவிர்ப்பேன். வெள்ளி மதிய விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சுற்றுப்பயணக் குழுவுக்கு மாற்று ஏற்பாடு இருக்கும், நமக்குக் கிடையாது.

எங்கே தங்குவது என்பதில் ஒரு மாயை இருக்கிறது. ஸ்ட்ரிப் எனப்படும் அந்தப் பெரிய சாலை ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. (அது லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை, பெரும்பாலும் பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது, தபாலில் மட்டும் வேகஸ்.) கட்டடங்கள் அவ்வளவு பெரியவை என்பதால் அடுத்த ஓட்டல் பக்கத்தில் இருப்பதாகத் தெரியும். நடக்க ஆரம்பித்தால் இருபது நிமிடம். ஒருமுறை தெற்குக் கோடியில் மலிவாக அறை எடுத்தேன். ஸ்ஃபியர் வடக்கே, வெனிஷியன் ஓட்டலிலிருந்து ஒரு நடைபாலத்தால் இணைந்திருக்கிறது. காட்சி முடிந்ததும் பதினேழாயிரம் பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து டாக்ஸி தேடினோம். வாடகை ஏறிய வேகத்தைப் பார்த்துவிட்டு நடந்தே போகலாம் என்றேன். என் மனைவி புதுச் செருப்பு போட்டிருந்தாள். மீதியை எழுத வேண்டியதில்லை. அரங்கிலிருந்து கால்மணி நடைக்குள் அறை எடுங்கள். கூடுதல் வாடகை அங்கேயே ஈடாகிவிடும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சூதாட்டத் தளத்தைக் கடந்து போகலாம், நிற்கக்கூடாது. லிஃப்டுக்கும் அரங்குக்கும் வழி பெரும்பாலும் அந்தத் தளத்தின் வழியாகத்தான், சிகரெட் புகையோடு. புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போகிற குடும்பங்களை முன்பெல்லாம் நானும் கிண்டல் செய்தவன். ஓட்டலில் நாலு காபிக்கு பில் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

பகலை என்ன செய்வது? ரெட் ராக் பள்ளத்தாக்கு ஊரிலிருந்து அரைமணிக்குள்; ஆனால் அக்டோபர் முதல் மே வரை உள்ளே காரில் போக நேரம் குறித்து முன்பதிவு வேண்டும், சனிக்கிழமை காலை முதலில் தீர்ந்துவிடும். ஹூவர் அணை முக்கால் மணி. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது ஒரு வழிக்கே நாலு மணி நேரத்துக்கு மேல். கோடையில் இதெல்லாம் அதிகாலையோடு சரி. 2024 ஜூலை 7 அன்று வேகஸில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது, அந்த ஊரின் வரலாற்றிலேயே அதிகம். வேலூர்க்காரராக இருந்தாலும் அது வேறு வெயில், வியர்வைகூட வராது.

வேகஸை விட்டு வெளியே வந்தால் இதே ஏற்பாடு வேறு வேறு முகம் காட்டுகிறது. பில்லி ஜோயல் 2014 ஜனவரி முதல் 2024 ஜூலை வரை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மாதம் ஒரு கச்சேரி வைத்தார், கோவிட் காலம் நீங்கலாக. அந்த அரங்குக்கு அடியிலேயே ரயில் நிலையம். சுற்றுவட்டாரத்து ஆட்கள் மாலையில் வந்து கேட்டுவிட்டு இரவு ரயிலில் வீட்டுக்குப் போய்விடலாம். ஓட்டலே தேவையில்லாத ரெசிடென்சி அது.

இன்னும் சுவாரஸ்யமானது புவெர்ட்டோ ரிக்கோ. அந்தத் தீவிலிருந்து உலகப் புகழுக்குப் போன பேட் பன்னி 2025 ஜூலை 11 முதல் செப்டம்பர் 14 வரை தலைநகர் சான் ஹுவானில் 30 இரவுகள் பாடினார். 'எனக்கு இங்கிருந்து போக விருப்பமில்லை' என்பது தொடரின் பெயர். முதல் ஒன்பது இரவும் தீவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அந்த டிக்கெட்டுகளை இணையத்தில் போடாமல் தீவிலேயே நேரில் விற்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அதன்பிறகுதான் இடம், ஓட்டல் அறையோடு சேர்த்த தொகுப்புகளும் அதில் உண்டு. தேர்ந்தெடுத்த மாதங்களைக் கவனியுங்கள். அங்கே புயல் காலம், சுற்றுலாப் பயணிகள் குறைகிற நேரம். காலியாகக் கிடக்கும் அறைகள் அந்த வருடம் நிரம்பின. ரசிகர் பக்கமிருந்து பார்த்தால் விமானமும் அறையும் மலிவாக இருக்க வேண்டிய பருவம், புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாம் போய்விடும் பருவமும் அதுதான். வேகஸில் ஓட்டல் செய்வதை இங்கே ஒரு கலைஞர் தன் ஊருக்காகச் செய்தார். யார் முதலில் உட்கார வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

நமக்குப் பக்கத்து உதாரணம் சிங்கப்பூர். டெய்லர் ஸ்விஃப்ட் 2024 மார்ச் 2 முதல் 9 வரை அங்கே ஆறு இரவு பாடினார், தென்கிழக்காசியாவில் வேறெங்கும் பாடவில்லை. அப்படி வேறெங்கும் பாடாமல் இருக்க ஊக்கத்தொகை தரப்பட்டதை அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அண்டை நாடுகள் முகம் சுளித்தன. ஆறு இரவு என்பதை ரெசிடென்சி என்று யாரும் அழைக்கவில்லை, ஆனால் கணக்கு அதேதான்: கலைஞரை நிறுத்து, கூட்டத்தை வரவழை. சென்னையிலிருந்து நாலு மணி நேர விமானம் என்பதால் இங்கிருந்தும் போனார்கள். இதற்கு நேரெதிர் அகமதாபாத். 2025 ஜனவரி 25, 26 தேதிகளில் கோல்ட்ப்ளே இசைக்குழு, ஒரு லட்சத்துக்கு மேல் பேர் அமரும் மைதானம், இரண்டே இரவு. மும்பையிலிருந்து சிறப்பு ரயில் விட வேண்டி வந்தது, ஓட்டல் வாடகை எகிறியது. அறைகள் குறைவான ஊரில் கூட்டம் இரண்டு நாளில் குவிந்தால் விலை அப்படித்தான் போகும். அங்கேயும் வேகஸில் போலவே அறைதான் முதலில், ஆனால் நிதானமாக அல்ல; தேதி அறிவித்த அன்றே, டிக்கெட் கையில் கிடைக்கும் முன்பே அறையைப் பிடித்துவிட வேண்டும். ரத்து செய்யக்கூடியதாக, அதை மறக்க வேண்டாம்.

கடைசியாகத் திரும்புகிற வழி. லாஸ் ஏஞ்சலஸுக்கும் வேகஸுக்கும் இடையே 435 கிலோமீட்டர், சாதாரணமாக நாலு மணி நேரம். ஞாயிறு மதியம் வேகஸிலிருந்து கிளம்பினால் அது ஆறாகும், ஏழாகும். நெவாடா பக்கம் மூன்று வழியாக வரும் சாலை கலிஃபோர்னியா எல்லையில் இரண்டாகச் சுருங்குகிறது. அத்தனை அரங்கிலும் அத்தனை ஓட்டலிலும் இருந்து வந்தவர்கள் அந்தப் புட்டியின் கழுத்தில் வந்து சிக்குகிறார்கள். இதற்கென்றே எல்லையிலிருந்து ஐந்து மைலுக்குச் சாலையின் ஓரப்பட்டையை ஞாயிறும் திங்களும் வண்டி ஓட்டத் திறந்துவிடுகிற ஏற்பாட்டை 2022இல் கொண்டுவந்தார்கள். உதவுகிறது, தீரவில்லை. சனி இரவு காட்சி பதினொன்றுக்கு முடிகிறதா, ஞாயிறு காலை எட்டு மணிக்குள் பெட்டியைக் கட்டி அறையைக் காலி செய்துவிடுங்கள். காபி வழியில் பார்ஸ்டோவில் குடித்துக்கொள்ளலாம், அங்கே விலையும் குறைவு.